வண்ண செராமிக் பைலட் வாட்ச்: வாங்கும் முன்னும் கட்டிய பின்னும் எதை எந்த வரிசையில் பார்ப்பது

மணல், வெள்ளை, பாசிப்பச்சை, கடல்நீலம் என்று நிறம் நிறமாக செராமிக் கேஸில் (வாட்சின் வெளிக்கூட்டில்) வரும் பைலட் வாட்சை, அதாவது விமானிகளுக்கென்று உருவான வகை வாட்சை, முதல்முறை கையில் எடுப்பவர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார். கிரவுனை (பக்கத்தில் இருக்கும் சாவித் திருகை) திருகுவார். க்ரோனோகிராஃப் (வாட்சுக்குள் இருக்கும் ஸ்டாப்வாட்ச்) பொத்தானை அழுத்தி முள் ஓடுவதை ரசிப்பார். பெட்டியில் அட்டை, புத்தகம் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுவார். கேஸை மட்டும் சட்டை நுனியால் ஒரு துடை துடைத்துவிட்டு, "கீறலே இல்லை" என்று முடித்துவிடுவார்.

இந்த வரிசை தலைகீழ். இயந்திரம் கெட்டால் பழுது பார்க்கலாம். கண்ணாடி உடைந்தால் மாற்றலாம். ஸ்ட்ராப் நைந்தால் வேறு வாங்கலாம். கேஸில் ஒரு சில்லு பெயர்ந்தால் ஒட்ட முடியாது, நிரப்ப முடியாது, இழைக்கவும் முடியாது. முழுக் கேஸையும் மாற்றியாக வேண்டும். எண்ணிக்கை வைத்துச் செய்த பதிப்பு என்றால் அதே நிறத்தில் மாற்றுக் கேஸ் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. அதனால்தான் கீழே உள்ள படிகள் கேஸையே சுற்றிச் சுற்றி வருகின்றன.

1. எது செராமிக், எது செராமிக் மாதிரி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

விளம்பரத்தில் "செராமிக்" என்ற சொல் இருந்தாலே முழுக் கேஸும் செராமிக் என்று நினைத்துவிடுகிறார்கள். நான்கு வேறு பொருள்கள் இந்தப் பெயரின் நிழலில் நிற்கின்றன.

முதலாவது, கேஸின் உடலே சிர்கோனியம் ஆக்சைடால் ஆனது. இதுதான் நாம் பேசும் பொருள். இரண்டாவது, எஃகுக் கேஸ், பெசல் (கண்ணாடியைச் சுற்றிய வளையம்) மட்டும் செராமிக். மூன்றாவது, எஃகு அல்லது டைட்டானியத்தின் மேல் கடினமான பூச்சு. நான்காவது, ஸ்விஸ் வாட்ச் நிறுவனமான ஐ.டபிள்யூ.சி-யின் செராடேனியம் போன்றவை. அதில் டைட்டானியக் கலவையில் கேஸைக் கடைந்து முடித்தபின் சூளையில் சுடுகிறார்கள்; மேற்பரப்பு செராமிக்கின் தன்மைக்கு மாறுகிறது. நல்ல பொருள்தான், ஆனால் அது கருப்பில்தான் வருகிறது, நடந்துகொள்ளும் விதமும் வேறு.

இதை ஏன் முதலில் தீர்க்க வேண்டும் என்றால், பூச்சுக் கேஸுக்குப் பயம் கீறல். முழு செராமிக்குக்குப் பயம் அடி. எந்தப் பயத்தோடு வாட்சைப் பார்ப்பது என்பது இங்கேயே முடிவாகிறது.

கையில் இருக்கும்போது கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. லக்கில் (ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் கேஸின் கால்) ஸ்பிரிங் பார் (ஸ்ட்ராப்பைத் தாங்கும் சிறு கம்பி) நுழையும் துளையின் விளிம்பை லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) வழியாகப் பாருங்கள். முழு செராமிக் என்றால் துளையின் உட்சுவர் வரை அதே நிறம் போகும், ஏனென்றால் நிறம் பொடியிலேயே கலந்திருக்கிறது. பூச்சு என்றால் விளிம்பில் எங்கேயாவது உலோகப் பளபளப்பு எட்டிப் பார்க்கும். தொட்டால் கிடைக்கும் உணர்வும் உதவும்: எஃகைப்போல் 'சில்' என்று இருக்காது. செராமிக் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும்.

எடையை வைத்து முடிவு கட்டாதீர்கள். செராமிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம்; டைட்டானியம் 4.5, எஃகு 8. நடுவில்தான் நிற்கிறது. உள்ளே இருக்கும் இயந்திரமும் பின்மூடியும் உலோகம் என்பதால் கையில் தூக்கிப் பார்ப்பது ஏமாற்றிவிடும்.

2. 'லிமிடெட்' என்ற சொல்லுக்குக் கணக்குக் கேளுங்கள்

இரண்டு விதமான வரம்பு உண்டு. மொத்தமே இத்தனைதான் என்பது ஒன்று. வருடத்துக்கு இத்தனை என்பது இன்னொன்று. 2019-இல் ஐ.டபிள்யூ.சி வெளியிட்ட மணல் நிற 'டாப் கன்' வரிசை க்ரோனோகிராஃப், 'மொஹாவி டெசர்ட்', மொத்தம் 500. 2022-இல் வந்த வெள்ளை 'லேக் டாஹோ'வும் பச்சை 'உட்லேண்ட்'டும் வருடத்துக்கு 1,000 என்ற கணக்கு. ஒரே குடும்பம், ஒரே 44.5 மிமீ அளவு. ஆனால் 'லிமிடெட்' என்ற சொல் இரண்டிலும் ஒரே பொருள் தரவில்லை.

விற்பவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். வருடக் கணக்கு உள்ளதை மொத்தக் கணக்கு என்று நினைத்து அவசரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "நாளைக்கு இருக்காது" என்ற பேச்சு எழுந்ததும் ஐந்தாவது படியைத் தாண்டிவிடுவார்கள். இந்த வழிகாட்டியில் தாண்டவே கூடாத படி அதுதான்.

மாடல் எண்ணையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்தில் 389101 கருப்பு, 389103 மணல், 389105 வெள்ளை, 389106 பச்சை. கடைசி இலக்கம் மாறினால் நிறம் மாறுகிறது, நிறம் மாறினால் கேஸ் வேறு. உதிரிபாகம் பற்றிக் கேட்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் வழவழ என்று வரும்; எண்ணைச் சொல்லிக் கேட்டால் நேராக வரும்.

பின்மூடியில் உள்ள பொறிப்பையும் கவனியுங்கள். சில தயாரிப்புகளில் "500-இல் 137" என்பதுபோல் தனி எண் இருக்கும். சிலவற்றில் "500-இல் ஒன்று" என்று எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான் இருக்கும். இரண்டாவது வகையில் தனி எண்ணைத் தேடி, இல்லை என்றதும் போலி என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எந்த மாடலுக்கு எந்த வகை என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் அந்தப் பதற்றம் வராது. பதிப்பின் பொறிப்பு வேறு, வாட்சின் கேஸ் எண் வேறு. ஆவணத்தோடு பொருந்த வேண்டியது கேஸ் எண்.

3. மேசையைத் தயார் செய்யுங்கள்

தேவை அதிகமில்லை. 10 மடங்கு பெரிதாக்கும் லூப், சிறிய டார்ச், மைக்ரோஃபைபர் துணி, ஒரு வெள்ளைத் தாள், மடித்த கெட்டியான துண்டு.

இதில் துண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வாட்சைப் பார்ப்பது எப்போதும் உட்கார்ந்து, துண்டின் மேல். நின்றுகொண்டு, கல்தரைக்கு மேலே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்காதீர்கள். வாட்சுகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ 1413-இன் அதிர்ச்சிச் சோதனை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து மரத்தரையில் விழுவதை ஒத்தது. மரத்தரையில்! கல்லின் மேல் விழும் செராமிக் பற்றி அந்த வாக்கியம் எந்த உறுதியும் தரவில்லை.

மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். வைரக்கல் மோதிரம் என்றால் கட்டாயம். கேஸைக் கீறக்கூடிய மிகச் சில பொருள்களில் ஒன்று அப்போது உங்கள் விரலிலேயே இருக்கிறது.

4. தொலைவில் இருந்து வாங்குகிறீர்களா? படங்களைக் கேட்டு வாங்குங்கள்

விற்பவர் தானாக அனுப்பும் படங்கள் அழகுக்காக எடுத்தவை. உங்களுக்கு வேண்டியவை அழகில்லாத படங்கள்: ஸ்ட்ராப் கழற்றிய நிலையில் நான்கு லக்கின் உட்பக்கம், பொத்தான்களைச் சுற்றிய விளிம்பு, பின்மூடி, பெசலின் முழு வட்டம் பக்கவாட்டு வெளிச்சத்தில். கூடவே, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வாட்சை வைத்து சன்னல் வெளிச்சத்தில் ஒரு படம்.

வெள்ளைத் தாள் எதற்கு? கேமரா தன் கணக்குக்கு நிறத்தைத் திருத்தும். மணல் நிறம் ஒரு படத்தில் பிஸ்கட் போலவும் இன்னொன்றில் களிமண் போலவும் வரும். படத்தில் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் கேஸின் நிறமும் அந்த அளவுக்குப் பொய். தாள் வெள்ளையாக இருந்தால் ஓரளவு நம்பலாம்.

ஸ்ட்ராப்பைக் கழற்றிப் படம் எடுக்க மறுத்தால்? கழற்றத் தெரியாது என்பது நியாயமான காரணம்தான். அப்படியானால் தெரிந்தவரிடம் கொடுத்து எடுத்து அனுப்பும்வரை காத்திருங்கள். நான் அந்தப் படம் இல்லாமல் வாங்கமாட்டேன்.

5. கேஸ்: இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்

முதலில் துடையுங்கள். செராமிக்கின் மேல் தெரியும் சாம்பல் கோடுகளில் பெரும்பாலானவை கீறலே அல்ல. செராமிக்கின் கடினம் விக்கர்ஸ் அளவில் 1,200-ஐ ஒட்டி இருக்கும். வாட்ச் எஃகு 200 சுற்றுவட்டாரம். எஃகு உரசும்போது தேய்வது எஃகுதான். அதன் பொடி கேஸின் மேல் ஒட்டிக்கொள்கிறது. பீங்கான் தட்டில் கரண்டி விடும் சாம்பல் கோட்டைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் இது. ஈரத்துணியில் போகாவிட்டால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். வெள்ளைக் கேஸில் இது கண்ணைக் குத்தும், கருப்பில் தெரியவே தெரியாது. துடைக்காமல் பார்த்தால் நல்ல வாட்சை வேண்டாம் என்று வைத்துவிடுவீர்கள், அல்லது கோட்டின் அடியில் இருக்கும் நிஜமான சேதத்தைத் தவறவிடுவீர்கள்.

துடைத்தபின் நீங்கள் தேடப்போவது கீறல் அல்ல; சில்லும் முடி போன்ற விரிசலும். இந்த வரிசையில் போங்கள்.

லக் முனைகள். நான்கும். கதவு நிலை, மேசை விளிம்பு எல்லாம் முதலில் மோதுவது இங்கேதான். முனையை நேராகப் பார்க்காதீர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் படுத்தவாறு பிடித்து, வாட்சை மெதுவாகச் சுழற்றுங்கள். மேட் பரப்பு எங்கும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். சில்லு பெயர்ந்த இடம் மட்டும் உடைந்த கற்கண்டுபோல் ஒரு கணம் மின்னும்.

லக்கின் உட்பக்கம். ஸ்ட்ராப் மறைக்கும் இடம். நண்பர் ஒருவர் மணல் நிற க்ரோனோகிராஃப் ஒன்று வாங்கினார். டயல், இயந்திரம், ஆவணம் எல்லாம் சுத்தம். மூன்று வாரம் கழித்து ஸ்ட்ராப் மாற்றலாம் என்று கழற்றியபோது, இடது கீழ் லக்கின் உள்விளிம்பில் துளைக்குப் பக்கத்தில் அரைக் கடுகு அளவு பெயர்ந்திருந்தது. விற்றவரிடம் கேட்டால், "நீங்கள் கழற்றும்போது ஆகியிருக்கும்" என்றார். அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. உண்மையாகக்கூட இருக்கலாம். துளைக்குப் பக்கத்தில் சில்லு வருவதற்கு முக்கியக் காரணமே இரும்புக் கருவியால் ஸ்பிரிங் பாரை நெம்புவதுதான். அதனால் ஸ்ட்ராப் போட்ட நிலையிலேயே வாங்க நேர்ந்தாலும், வாங்கும் இடத்திலேயே, விற்பவர் கண்முன்னே, அவர் கையாலேயே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பொத்தான்களும் கிரவுனும் நுழையும் துளைகளைச் சுற்றி. இங்கே விரிசல் ஆரத்தில் ஓடும்: துளையில் தொடங்கி வெளிப்பக்கம். பொத்தானின் மேல் விழுந்த வாட்சில் பொத்தான் வளையாமல் தாங்கி, பின்னால் இருக்கும் செராமிக் விரிந்திருக்கலாம். நகத்தை மெதுவாக அதன் மேல் இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் கவலைப்படுங்கள்.

பெசலின் விளிம்பும் கண்ணாடி உட்காரும் இடமும். முழு வட்டத்தையும் கடிகார முள் திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை. வெளிச்சம் ஒரு திசையில் மறைப்பது மறு திசையில் தெரியும். பெல் அண்ட் ராஸின் பி.ஆர். 03 போன்ற சதுரக் கேஸ் என்றால் நான்கு மூலைகளுக்குக் கூடுதல் நேரம்.

கடைசியாகப் பின்மூடி. இந்தப் பகுதி பெரும்பாலும் டைட்டானியம் அல்லது எஃகு, ஏனென்றால் செராமிக்கில் நுண்ணிய மரை வெட்டுவது வில்லங்கம். திருகுத் தலைகளில் கருவி வழுக்கிய தடம் இருந்தால், திறக்கத் தெரியாத கை திறந்திருக்கிறது என்று பொருள். திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் அழுத்தம் செராமிக்குக்குத்தான் போகும். அப்படிப்பட்ட தடம் தெரிந்தால் பின்மூடியை ஒட்டிய செராமிக் விளிம்பை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

"சின்னச் சில்லுதானே, பாலிஷ் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுட்டு முடித்த செராமிக்கை இழைக்க வைரப்பொடி வேண்டும். மேட் பரப்பில் ஒரு இடத்தை மட்டும் இழைத்தால் அங்கே மட்டும் பளபளக்கும். சில்லைவிட அது அசிங்கம்.

6. நிறத்தை மூன்று வெளிச்சத்தில் பாருங்கள்

பகல் வெளிச்சம், வெள்ளை விளக்கு, மஞ்சள் விளக்கு. கேஸ், பெசல், செராமிக்கில் செய்த பொத்தான்கள் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு வெளிச்சத்திலும் பாருங்கள்.

பொருந்தாமல் போக என்ன காரணம் என்று தெரிந்தால் எதைத் தேடுகிறோம் என்பது புரியும். சிர்கோனியம் ஆக்சைடுப் பொடியில் நிறத்துக்காக வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து, வடிவம் கொடுத்து, 1,400 டிகிரி செல்சியஸையும் தாண்டும் சூளையில் சுடுகிறார்கள். சுடும்போது பாகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். நிறத்துக்காகச் சேர்க்கும் பொருள் மாறினால் சுருங்கும் அளவும், தேவைப்படும் வெப்பமும் மாறும். ஆக, பச்சைக் கேஸ் என்பது வெள்ளைக் கேஸுக்குச் சாயம் பூசியது அல்ல. தனி அச்சு, தனிக் கணக்கு, தனிச் சூடு.

ஒரு பாகம் மட்டும் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிந்தால், அது பின்னாளில் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றியது குற்றமில்லை. யார் மாற்றினார்கள், அதற்கு ரசீது இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

நாளானால் நிறம் மங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேஸ் மங்காது; நிறம் உடல் முழுக்க இருக்கிறது, வெயிலும் வியர்வையும் அதை ஒன்றும் செய்யாது. மங்குவது ஸ்ட்ராப்.

7. மணி தெரிகிறதா, மணிக்கட்டில் நிற்கிறதா

பைலட் வாட்சின் ஒரே வேலை ஒரு பார்வையில் மணி சொல்வது. கருப்பு டயலில் வெள்ளை முள் என்றால் கேள்வியே இல்லை. வண்ணப் பதிப்புகளில் டயல், எண், முள் எல்லாவற்றையும் கேஸின் நிறக் குடும்பத்துக்கே இழுத்துவிடுகிறார்கள். பச்சை டயலில் பச்சை சாயல் எண் படத்தில் அள்ளிக்கொண்டு போகும். மங்கிய அறையில் கையை நீட்டி, ஒரு நொடி மட்டும் பார்த்து, மணியைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது முறை பார்க்க வேண்டி வந்தால் தினமும் அப்படித்தான் இருக்கும். சிறுவட்டங்களில் உள்ள நிமிடக் கணக்கை வயதானவர் கண்ணுக்கும் காட்டிப் பாருங்கள்.

அளவு விஷயத்தில் நிறம் ஒரு தந்திரம் செய்யும். வெள்ளை பெரிதாகத் தெரியும், கருப்பு சிறிதாகத் தெரியும். கருப்பு 44.5 மிமீ வாட்சைக் கட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இது பொருந்துகிறது" என்று வெள்ளையை வரவழைத்தவர் பெட்டியைத் திறந்ததும் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். ஒரே அளவு, இரண்டு வாட்ச். வாங்கப்போகும் நிறத்தையே கட்டிப் பாருங்கள். லக்கின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை அளந்து, அது உங்கள் மணிக்கட்டின் அகலத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். வெளியே துருத்தும் லக்தான் கதவில் இடிக்கும் லக்.

8. இப்போது இயந்திரம்

இங்கே வேகமாகப் போகலாம், ஏனென்றால் இதில் எது கெட்டாலும் வழி உண்டு.

கிரவுன் திருகி மூடும் வகை என்றால் எதிர்த்திசையில் ஒரு சுற்று சுற்றி மரை உட்காருவதை உணர்ந்தபின் இறுக்குங்கள். கையால் சாவி கொடுங்கள். தேதியை மாற்றிப் பார்ப்பதற்கு முன் முட்களை 6 மணிக்குக் கொண்டுபோங்கள். இரவு 8 முதல் அதிகாலை 3 வரையான நேரத்தில் தேதிச் சக்கரம் ஏற்கெனவே பிடிபட்டிருக்கலாம். அப்போது வேகமாகத் திருப்பினால் பல் உடையும்.

க்ரோனோகிராஃபை ஓடவிட்டு, நிறுத்தி, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐந்து முறை. முள் ஒவ்வொரு முறையும் சரியாக உச்சியில் வந்து நிற்க வேண்டும். ஒரு கோடு தள்ளி நின்றால் விலையில் பேசலாம். பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிமிடக் கணக்கு ஏறுவதைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பூஜ்யப் பொத்தானை அழுத்தாதீர்கள். அந்த வசதி உள்ள இயந்திரங்கள் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை.

முழுச் சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்ப்பதும் எளிய சோதனை. மேலே சொன்ன 44.5 மிமீ குடும்பத்தில் இருக்கும் 69380 இயந்திரத்துக்கு 46 மணி நேரம். மிகவும் குறைந்து நின்றால் சர்வீஸ் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

முதலாவது, தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்திடம் மாடல் எண்ணைக் கொடுத்து ஒரு கேள்வி: "இந்தக் கேஸ் உடைந்தால் இதே நிறத்தில் மாற்றுக் கேஸ் கிடைக்குமா, தோராயமாக என்ன ஆகும்?" பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். இதை வாங்கிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். முன்பே கேட்டால் பேரத்துக்கே உதவும்.

இரண்டாவது, விற்பவரிடம் வாட்சின் நிலை பற்றிய ஒரு பக்கம். கேஸ் எண், நான்கு லக்கின் படம், திருப்பித் தரக்கூடிய நாள்கள். என் நண்பர் கதையில் இல்லாமல் போனது இந்த ஒரு பக்கம்தான்.

மூன்றாவது, வாரண்டி. ஐ.டபிள்யூ.சி தன் 2 வருட வாரண்டியைப் பதிவு செய்தால் 8 வருடம் வரை நீட்டித்துத் தருகிறது. பலர் இதைக் கேட்டதும் கேஸ் உடைந்தாலும் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். வாரண்டி என்பது தயாரிப்பில் உள்ள குறைக்கு. கீழே போட்டு உடைத்ததற்கு அல்ல. அதற்குக் காப்பீடு வேண்டும். அதிலும் திருட்டுக்கு மட்டும் உள்ள பாலிசி இங்கே உதவாது. தற்செயலாக விழுந்து உடைவதும், மாற்றுக் கேஸ் கிடைக்காதபோது முழுத்தொகையும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

10. கட்டத் தொடங்கிய முதல் மாதம்

வாட்ச் விழுவது நடக்கும்போது அல்ல, கட்டும்போதும் கழற்றும்போதும். எனவே ஒரு பழக்கம்: கட்டிலின் மேலோ துண்டு விரித்த மேசையின் மேலோ கையை வைத்துத்தான் கட்டுவது, கழற்றுவது. குளியலறையில் கழற்றவே வேண்டாம். அங்கே எல்லாமே கடினம், கையும் ஈரம்.

செராமிக்கைக் கீறுவது வைரம், சபையர், உப்புத்தாளில் உள்ள துகள் போன்ற சிலவே. ஆகவே தினசரி உரசலுக்குப் பயந்து ஒட்டும் பாதுகாப்புத் தாள் எதுவும் வாங்கத் தேவையில்லை. அதன் ஓரத்தில் சேரும் அழுக்கு வெள்ளைக் கேஸில் கருப்புக் கோடாக நிற்கும், அவ்வளவுதான் பயன்.

வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு சோப்பு, மென்மையான பல்துலக்கி. கிரவுன் மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகு. ஈரத்தில் க்ரோனோகிராஃப் பொத்தான்களை அழுத்தாதீர்கள். தோல் அல்லது துணி ஒட்டிய ஸ்ட்ராப் என்றால் முதலில் கழற்றிவிடுங்கள், அல்லது நனைக்காமல் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.

செராமிக் காந்தத்துக்கு மசியாது என்பதால் வாட்சும் மசியாது என்று நினைப்பது இன்னொரு தவறு. காந்தம் செராமிக்கை ஊடுருவிப் போய்விடும். இயந்திரத்தைக் காப்பது உள்ளே இருக்கும் மென்னிரும்புக் கூடு. பின்பக்கம் கண்ணாடி வைத்த மாடல்களில் அந்தக் கூடு இருக்காது. வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

11. ஸ்ட்ராப்

நிறம் பொருந்திய ஸ்ட்ராப் ஒன்றை வாட்ச் வாங்கும்போதே கூடுதலாக வாங்கி வையுங்கள். முதலில் அழுக்காவதும் நைவதும் அதுதான். பதிப்பு நின்ற பிறகு அதே நிறம் தேடுவது கஷ்டம். அன்றாடத்துக்குக் கருப்பு ரப்பர் ஒன்று போதும். மணல், பச்சை இரண்டுக்கும் கருப்பு நன்றாகவே சேரும். வெள்ளைக்கு எனக்குப் பிடிக்கவில்லை, அது அவரவர் கண்.

மாற்றும்போது பிளாஸ்டிக் முனை உள்ள கருவி மட்டும். துண்டின் மேல் வாட்சைக் குப்புற வைத்து, ஸ்பிரிங் பாரை லக்கின் பக்கம் நெம்பாமல் ஸ்ட்ராப்பின் பக்கம் இழுங்கள். வரவில்லை என்றால் நிறுத்துங்கள். எஃகு லக் வளைந்து கொடுக்கும், செராமிக் கொடுக்காது. திருகு வைத்த லக் என்றால் நீங்கள் தொடவே வேண்டாம்.

12. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

கொடுக்கும் நாளில் ஐந்தாவது படியை நீங்களே மறுபடி செய்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை ஒப்படைப்புச் சீட்டோடு இணைத்து, "கேஸில் சில்லு, விரிசல் இல்லை" என்று அதில் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே லூப் வைத்துப் பாருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

கொடுப்பது எங்கே என்பதில் ஒரே ஒரு கேள்வி போதும்: செராமிக் கேஸை எந்த அளவு இறுக்கத்தில் மூடுவீர்கள் என்று கேளுங்கள். அளவு காட்டும் திருப்புளியை எடுத்துக் காட்டுபவரிடம் கொடுக்கலாம். "கையிலேயே தெரிந்துவிடும்" என்று சொல்பவரிடம் எஃகு வாட்சைக் கொடுங்கள்.

அதே சீட்டில் இன்னொரு வரியும் எழுதச் சொல்லுங்கள்: "என் அனுமதி இல்லாமல் கேஸ், பெசல், பொத்தான், முள், டயல் எதையும் மாற்ற வேண்டாம், மாற்றினால் பழையதைத் திருப்பித் தரவும்." வண்ணப் பதிப்பின் முட்களும் டயலும் அந்த நிறத்துக்கென்றே செய்தவை. பழைய பாகத்தைத் தரும் வழக்கம் இல்லை என்றால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். வாட்சை உள்ளே எடுத்துப்போகும் முன்பு.